நைல் நதிக் கரையில் வட்டியின் ஆட்சி

 



ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு அரஃபாப் பெருவெளியில் நபி (ஸல்) அவர்கள் நிகழ்த்திய இறுதிப் பேருரையில், அறியாமைக் காலத்து வட்டி முழுவதையும் ரத்துச் செய்து அறிவித்தார்கள். அவ்வாறு அறிவித்தபோது முதன்முதலாக அவர்கள் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியிருந்த வட்டியைத்தான். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அப்பாஸ் (ரலி) குறைஷிக் குலத்தின் செல்வர்களில் ஒருவர். கடன் கொடுத்தவர் வலியவர், வாங்கியவர் எளியவர் என்ற நிலையில் சட்டம் முதலில் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்பதை அண்ணலார் தம் சொந்த வீட்டிலிருந்தே காட்டிவிட்டார்கள்.

வட்டியைத் தடை செய்யும் வசனங்களை அடுத்தே, கடன்பட்டவர் சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவருக்கு அவகாசம் அளிக்கும்படியும், அசலையே விட்டுக்கொடுப்பது இன்னும் மேலானது என்றும் அல்லாஹு தஆலா கூறுகின்றான் (அல்குர்ஆன் 2:280). இந்த அவகாசம் என்பது தனிமனிதனின் பெருந்தன்மைக்கு விடப்பட்ட சிறு விஷயமென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அது மறுக்கப்படும்போது ஒரு நாடே எவ்வாறு அழிகிறது என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் எகிப்தைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எகிப்தில் நிலத்தை உழுபவனுக்கு ‘ஃபல்லாஹ்’ என்று பெயர். நம் முஅத்தின்கள் நாள்தோறும் ஐந்து வேளை ‘ஹய்ய அலல் ஃபலாஹ்’ என்று அழைக்கிறார்களே, அந்த ‘ஃபலாஹ்’ என்னும் வெற்றியும் இந்த ஃபல்லாஹும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தவை. ஆனால் அந்த உழவனுக்கு வாய்த்ததோ வெற்றியல்ல.

கடன் எப்படி வந்தது?

1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தது. அங்கிருந்து பருத்தி வருவது நின்றதால் இங்கிலாந்தின் ஆலைகள் எகிப்தியப் பருத்திக்கு என்ன விலையும் கொடுக்க முன்வந்தன. அந்தச் செழிப்பின் நடுவே 1863இல் இஸ்மாயீல் பாஷா ஆட்சிக்கு வந்தார். இரயில் பாதை, வாய்க்கால், பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கு அவர் செலவு செய்தது உண்மை. அரண்மனைகளுக்கும் விருந்துகளுக்கும் வாரியிறைத்ததும் அதே அளவு உண்மை. 1869இல் சூயஸ் கால்வாய்த் திறப்பு விழாவுக்கு ஐரோப்பாவின் மன்னர் குடும்பங்களை அழைத்து அவர் நடத்திய களியாட்டத்திற்கு எந்த நியாயமும் சொல்ல இயலாது. முஸ்லிம் ஆட்சியாளர் என்பதற்காக அவரை விட்டுவிட்டு அந்நியரை மட்டும் குற்றம் சாட்டுவது நீதியாகாது.

போர் முடிந்தது, பருத்தி விலை சரிந்தது. கடன் மட்டும் வளர்ந்தது. இலண்டனிலும் பாரிஸிலும் இருந்த ஃப்ரூலிங் கோஷன், ஓப்பன்ஹைம் போன்ற நிறுவனங்கள் எகிப்தின் பெயரால் கடன் பத்திரங்களை வெளியிட்டன. அவற்றின் வழிமுறையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். பத்திரத்தில் ஒரு தொகை எழுதப்படும். தரகும் தள்ளுபடியும் போக அதைவிட மிகக் குறைவான தொகையே கைக்கு வரும். வட்டியோ எழுதப்பட்ட முழுத்தொகைக்கும் கட்ட வேண்டும். 1873ஆம் ஆண்டுக் கடன் பத்திரத்தில் 3 கோடியே 20 லட்சம் பவுண்டு என்றிருந்தது. எகிப்துக்குக் கிடைத்தது சுமார் 2 கோடி பவுண்டு. கைக்கு வராத பணத்துக்கும் வட்டி! 1876இல் நாட்டின் மொத்தக் கடன் ஏறத்தாழ 9 கோடியே 10 லட்சம் பவுண்டாக நின்றது.

சூயஸ் கால்வாயின் கதை இதைவிட விசித்திரமானது. ஃபல்லாஹ்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்து, மாதந்தோறும் சுமார் 20,000 பேரைக் கால்வாய் வெட்ட அனுப்புவதாக முந்தைய ஆட்சியாளர் சயீத் பாஷா பிரெஞ்சுக் கம்பெனிக்கு ஒப்புக்கொண்டிருந்தார். இஸ்மாயீல் அதை நிறுத்த முற்பட்டார். கம்பெனி வழக்காடியது. நடுவராக அமர்ந்தவர் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன்! 1864இல் அவர் தீர்ப்பளித்தார்: எகிப்து கம்பெனிக்கு 8 கோடியே 40 லட்சம் ஃபிராங்க் நஷ்டஈடு தரவேண்டும். அதில் 3 கோடியே 80 லட்சம், கட்டாய உழைப்பு நிறுத்தப்பட்டதற்காக. அதாவது, ஏழைகளைக் கூலியடிமைகளாக அனுப்புவதை நிறுத்தியதற்கு அந்த ஏழைகளின் நாடே அபராதம் கட்டியது. அதையும் கடன் வாங்கித்தான் கட்டியது.

இறுதியில் கால்வாயும் கைநழுவியது. 1875இல் இஸ்மாயீல் தம்மிடமிருந்த 1,76,602 பங்குகளை ஏறத்தாழ 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டிஷ் அரசுக்கு விற்றார். பிரதமர் டிஸ்ரேலிக்கு அந்தப் பணத்தை உடனே கொடுத்தது ராத்ஸ்சைல்டு வங்கி. சில வாரப் பணிக்கு அது பெற்ற தரகு சுமார் 1 லட்சம் பவுண்டு. அந்தப் பங்குகளின் வருமான உரிமை 1894 வரை முன்னரே அடகு போயிருந்தது. ஆகவே, தான் விற்றுவிட்ட பங்குகளுக்கு ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வீதம் வட்டியையும் எகிப்தே பிரிட்டனுக்குக் கட்டிவந்தது.

வசூலிக்க வந்தவர்கள்

1876 ஏப்ரலில் எகிப்து கடன் பத்திரங்களுக்குப் பணம் தர இயலாமல் நிறுத்தியது. அடுத்த மாதமே பொதுக்கடன் ஆணையம் ஒன்று கெய்ரோவில் நிறுவப்பட்டது. ஐரோப்பியக் கடன்காரர்களின் பிரதிநிதிகள் அதில் அமர்ந்தனர். குறிப்பிட்ட மாகாணங்களின் வரி, சுங்கம், இரயில் வருமானம் ஆகியவை நாட்டின் கருவூலத்திற்குப் போகாமல் நேரே அந்த ஆணையத்திற்குச் சென்றன. அவ்வாண்டு இறுதியில் கடன்காரர்கள் சார்பில் வந்து கணக்கைத் தீர்த்துவைத்த ஆங்கிலேயர் கோஷன் யார்? எகிப்துக்குத் தொடக்கத்தில் கடன் திரட்டிக் கொடுத்த அதே ஃப்ரூலிங் கோஷன் நிறுவனத்தின் முன்னாள் பங்காளி. ஆணையத்தின் முதல் ஆங்கிலேய உறுப்பினராக 1877இல் வந்த ஈவ்லின் பேரிங், இலண்டனின் புகழ்பெற்ற பேரிங் வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். பின்னாளில் ‘குரோமர் பிரபு’ என்ற பெயரில் 1883 முதல் 1907 வரை எகிப்தை உண்மையில் ஆண்டவர் இவரே. கடன் கொடுத்தவர்கள், கணக்குப் பார்த்தவர்கள், வசூலித்தவர்கள், பிறகு ஆண்டவர்கள் எல்லாரும் ஒரே வட்டத்தினர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1877ஆம் ஆண்டு எகிப்து அரசுக்கு வந்த வருமானம் சுமார் 95 லட்சம் பவுண்டு. அதில் ஏறத்தாழ 75 லட்சம் கடன்காரர்களுக்குப் போயிற்று. மிச்சத்தில் ஒரு நாடு நடக்க வேண்டும்! அரசு ஊழியர்களுக்கும் படைவீரர்களுக்கும் மாதக்கணக்கில் சம்பளம் இல்லை.

அதே ஆண்டில் நைல் பெருக்கெடுக்கவில்லை. வெள்ளம் வழக்கத்தைவிட மிகத் தாழ்ந்தே வந்தது. தென் எகிப்தில் பல நிலங்கள் தண்ணீர் காணாமல் கிடந்தன. (நம் முன்னோர் ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று சொல்லி நடுங்கிய 1876-78 பஞ்சமும் இதே காலத்தது.) விளையாத நிலத்துக்கும் வரி கேட்கப்பட்டது.

அன்பர்களே! இது எந்த மண் என்று எண்ணிப் பாருங்கள். யூசுஃப் (அலை) அவர்கள் கருவூலப் பொறுப்பைக் கேட்டுப் பெற்று, ஏழு செழிப்பான ஆண்டுகளின் தானியத்தைக் கதிரோடு சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளில் மக்களைக் காத்த மண் அல்லவா இது! குர்ஆனின் ஒரு முழு அத்தியாயமே அந்தச் சரிதையைச் சொல்கிறது. அந்தக் கருவூலக் காவலர் ஊரார் பட்டினியை முன்னறிந்து தானியத்தைச் சேர்த்துவைத்தார். 1878இன் கருவூலக் காவலர்கள் முன்னறிந்து சேர்த்தது மே மாதம் முதல் தேதிக்குரிய வட்டித் தவணையை.

மே மாதத் தவணை

அந்தத் தவணைக்கு வேண்டியது ஏறத்தாழ 20 லட்சம் பவுண்டு. ஒரு மாதத்திற்கு முன்புவரை கையில் இருந்தது சுமார் 5 லட்சம் மட்டுமே. பஞ்சம் தெரிந்த செய்தி. அவகாசம் தந்திருந்தால் பாரிஸிலோ இலண்டனிலோ எவரும் பட்டினி கிடந்திருக்க மாட்டார்கள். ஆயினும், இஸ்மாயீலிடம் பணம் இருக்கிறது, மறைக்கிறார் என்று பிரெஞ்சு அரசு வற்புறுத்தியது. பிரிட்டிஷ் அரசும் அதற்குத் துணை நின்றது. தவணை கட்டியே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று.

கடுமைக்குப் பேர்போன இரண்டு பாஷாக்கள் மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின் ஆட்கள் கையில் நீர்யானைத் தோலால் ஆன ‘குர்பாஜ்’ என்னும் சவுக்கு. அவர்களோடு கூடவே வட்டிக்கடைக்காரர்களும் சென்றனர் என்பதுதான் இதில் கொடுமையிலும் கொடுமை. முன்னவர் அடித்து வரி கேட்பார். பின்னவர் அருகில் நின்று, வயலில் நிற்கும் பயிரை விலை பேசுவார். வரி கட்ட வேறு வழியில்லாத ஃபல்லாஹ் அறுவடைக்கு முன்பே தானியத்தை விற்றான். ஓர் அர்தப் அளவு தானியம் 50 பியாஸ்தருக்குப் போனது. ஒரு மாதம் கழித்து அதைக் களத்திலிருந்து அளந்து கொடுத்தபோது அதன் சந்தை விலை 120 பியாஸ்தர்.

இதையெல்லாம் எழுதிவைத்தவர் எகிப்தின் நண்பரோ, பாதிக்கப்பட்ட முஸ்லிமோ அல்லர். ஆணையத்தில் அமர்ந்து அந்தப் பணத்தை வாங்கிக்கொண்ட ஈவ்லின் பேரிங்கே முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1908இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். தவணைக்குச் சில மணி நேரம் இருக்கையில் கடைசித் தொகை வந்து சேர்ந்ததாம். வந்த நாணயங்கள் பல வகையானவை. அவற்றில் பல, பெண்கள் அணிவதற்காகக் கோத்து வைத்திருந்தவை. கோத்தபடியே இருந்தன என்கிறார் அவர்.

நாணயங்களைத் துளையிட்டுக் கோத்துக் கழுத்திலும் நெற்றியிலும் அணிவது எகிப்தின் கிராமப் பெண்களுடைய வழக்கம். மஹராகக் கிடைத்தது, தாய் தந்தது, கஷ்ட காலத்துக்கென்று வைத்தது என எல்லாம் அந்தச் சரத்தில்தான் இருக்கும். அது கழுத்திலிருந்து இறங்கினால் என்ன பொருள் என்று நம் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சரத்தை அவிழ்த்து எண்ணவும் நேரமின்றி ஆணையத்தின் மேசைக்கு அது வந்தது. அங்கிருந்து பாரிஸ் நகரத்துப் பத்திரக்காரரின் கணக்கில் வட்டியாக வரவு வைக்கப்பட்டது. அந்தப் பத்திரக்காரருக்குத் தென் எகிப்து எங்கே இருக்கிறதென்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. நிறுவனத்தின் வழியாக நடக்கும் வட்டியில் இந்த வசதி உண்டு. எவருடைய கையும் இரத்தமாகத் தெரியாது.

மே 1ஆம் தேதித் தவணை முழுமையாகக் கட்டப்பட்டது. தென் எகிப்தின் பஞ்சத்தில் இறந்தவர்கள் 10,000 பேருக்குக் குறையமாட்டார்கள் என்று அங்கு நிவாரணப் பணிக்குச் சென்ற ஓர் ஆங்கிலேயர் மதிப்பிட்டார்.

சவுக்கைப் பிடித்த கை முஸ்லிமின் கை என்பதையும் இங்கே மறைக்கக் கூடாது. முதீர் என்னும் மாகாண அதிகாரியும், ஊர்த்தலைவரான ஷைகும், வரி வசூலிக்கும் ஸர்ராஃபும் அந்த மண்ணின் மைந்தர்களே. வட்டி வாங்குபவரை மட்டுமன்றிக் கொடுப்பவரையும், எழுதுபவரையும், சாட்சி நிற்போரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்ததாக வரும் ஹதீஸை நாம் அடிக்கடி ஓதுகிறோம். அந்த வரிசை எவ்வளவு நீளமானது என்பது எகிப்தின் வரலாற்றைப் படிக்கும்போதுதான் முழுமையாக விளங்குகிறது.

சட்டம், நீதிமன்றம், பீரங்கி

1871இல் இஸ்மாயீல் ‘முகாபலா’ என்றொரு சட்டம் போட்டிருந்தார். ஆறு ஆண்டு நிலவரியை முன்கூட்டியே கட்டிவிட்டால் அதன்பின் என்றென்றைக்கும் பாதி வரிதான் என்பது அதன் வாக்குறுதி. பலர் நம்பிக் கட்டினார்கள். 1880இல் கடன்காரர்களின் விருப்பப்படி இயற்றப்பட்ட தீர்வுச் சட்டம் அந்த வாக்குறுதியை ரத்துச் செய்தது. முன்பணம் கட்டியவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு 1,50,000 பவுண்டு மட்டும் பிரித்துத் தருவதென்றாயிற்று. அரசு இலண்டனுக்குக் கொடுத்த வாக்கு புனிதமானது. தன் குடிகளுக்குக் கொடுத்த வாக்கு கிழித்தெறியத் தக்கது. ஒரே சட்டத்தில் இரண்டும் இருந்தன.

1876இல் செயல்படத் தொடங்கிய கலப்பு நீதிமன்றங்களும் உழவனுக்கு எமனாயின. ஐரோப்பிய நீதிபதிகள் பெரும்பான்மையாக அமர்ந்து, பிரெஞ்சுச் சட்டத்தை ஒட்டி, அவனுக்குப் புரியாத மொழியில் விசாரித்தனர். கிராமத்து வட்டிக்கடைக்காரன் அந்நிய நாட்டுக் குடியுரிமை பெற்றவனாக இருந்தால் வழக்கு அங்கேதான் போகும். கைநாட்டு வைத்த ஒரு தாள் போதும். நிலம் ஏலத்துக்கு வந்துவிடும்.

1879 பிப்ரவரியில் சிக்கனம் என்ற பெயரில் சுமார் 2,500 எகிப்திய இராணுவ அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். பழைய சம்பளப் பாக்கியும் கொடுக்கப்படவில்லை. அவர்கள் தெருவில் இறங்கினர். அதே ஆண்டு ஜூனில், கடன்காரர்களை எதிர்க்கத் துணிந்த இஸ்மாயீல் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். அவருடைய மகன் தவ்ஃபீக் ஆட்சிக்கு வந்தார். கொதிப்பு அடங்கவில்லை. அதற்குத் தலைமை ஏற்றவர் அஹ்மத் உராபி. ஷர்கிய்யா மாகாணத்தின் ஒரு கிராமத்து ஷைகின் மகன்; அல்அஸ்ஹரில் ஓதியவர். துருக்கிய வம்சத்துப் பாஷாக்கள் நிறைந்த இராணுவத்தில் அவர் ஒரு ஃபல்லாஹ். ஷூராவுக்கும், நாட்டின் வரவுசெலவை நாட்டார் பார்க்கும் உரிமைக்கும் அவர் குரல் கொடுத்தார். அந்த இரண்டாவது கோரிக்கையைத்தான் ஐரோப்பா பொறுக்கவில்லை.

1882 ஜூலை 11ஆம் தேதி பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியா மீது குண்டு பொழிந்தன. செப்டம்பர் 13ஆம் தேதி தல்லுல் கபீரில் உராபியின் படை முறியடிக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன் உஸ்மானிய சுல்தானும் உராபியைக் கிளர்ச்சிக்காரர் என்று அறிவித்திருந்தார் என்பது நெஞ்சில் முள்ளாகத் தைக்கும் செய்தி. அப்போது பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன், தம் சொந்த முதலீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எகிப்தியக் கடன் பத்திரங்களில் வைத்திருந்தார். அந்தப் போரில் இந்தியப் படையும் ஈடுபடுத்தப்பட்டது. மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு தல்லுல் கபீரின் பெயரைத் தன் விருதுகளில் ஒன்றாகப் பெற்றது. படையெடுப்புச் செலவின் ஒரு பகுதி இந்தியக் கருவூலத்தின் தலையில் கட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சத்திலிருந்து எழுந்த மக்களின் வரிப்பணம், ஃபல்லாஹின் கடனை வசூலிக்கப் போயிற்று.

உராபி நாடு கடத்தப்பட்டார். எங்கே? இலங்கைக்கு! 1883 ஜனவரியில் தோழர்களுடன் கொழும்பில் வந்திறங்கிய அவர், அங்கும் பின்னர் கண்டியிலும் 1901 வரை வாழ்ந்தார். நம் தமிழ் பேசும் முஸ்லிம்களின் வரலாறு இங்கே வந்து கலக்கிறது. ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியவரும், ‘அசன்பே சரித்திரம்’ எழுதியவருமான அறிஞர் சித்தி லெப்பையின் கல்விப் பணிக்கு உராபி பாஷா உறுதுணையாக நின்றார். 1892இல் கொழும்பு மருதானையில் தொடங்கப்பட்டுப் பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மதரஸாவுக்கு அவர் அளித்த ஊக்கம் பெரிது. தாயகம் திரும்பிப் பத்தாண்டுகளில், 1911இல் அவர் மறைந்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, உழவர்களின் நிலம் கடனில் மூழ்கிப்போவதைக் கண்டு ஆங்கிலேய ஆட்சியே அஞ்சி, ஐந்து ஃபத்தான் வரை நிலமுள்ள சிறு உழவரின் நிலத்தைக் கடனுக்காகப் பறிமுதல் செய்யக் கூடாதென்று 1912இல் சட்டம் போட்டது. பொதுக்கடன் ஆணையம் 1940 வரை நீடித்தது. கால்வாய் 1956இல் நாட்டுடைமையாயிற்று.

உராபியின் மாகாணத்தை அடுத்த தகஹ்லிய்யா மாகாணத்தில், நைலின் கிளையாற்றங்கரையில் மித் கம்ர் என்றொரு ஊர் உண்டு. 1963இல் அஹ்மத் அந்நஜ்ஜார் என்ற பொருளியல் அறிஞர், தாம் படித்த ஜெர்மனியின் சேமிப்பு வங்கிகளை மனத்திற்கொண்டு, வட்டியில்லாச் சேமிப்பு வங்கி ஒன்றை அங்கே தொடங்கினார். அன்றைய அரசியல் சூழலை எண்ணி அதற்கு இஸ்லாமியப் பெயர் எதையும் அவர் சூட்டவில்லை. ‘சேமிப்பு வங்கி’ என்றுதான் பலகை. சிறுகச் சிறுகச் சேமிப்பவருக்கு வட்டி கிடையாது. ஆனால் விதைக்கோ கருவிக்கோ தேவை வரும்போது வட்டியில்லாத சிறு கடன் கேட்கும் தகுதி அவருக்கு உண்டு. முதலீட்டுக் கணக்கு வைத்தவர் இலாபத்திலும் நஷ்டத்திலும் பங்காளி. ஸகாத் நிதியும் தனியே சேர்க்கப்பட்டது. 1967இல் அரசு அதைத் தன் வங்கிகளோடு சேர்த்துக்கொள்ளும்வரை, அதன் வாசலில் வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுற்றுவட்டாரத்து ஃபல்லாஹ்களே.